பச்சைக் குழந்தையின் கணக்குதான் ஊரின் கணக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழு நல்லா நடக்குதான்னு எப்படிப் பார்க்கிறோம்? சேமிப்பு எவ்வளவு, கடன் ஒழுங்கா திரும்புதான்னு நோட்டைப் பார்க்கிறோம். அதுபோல ஊரின் சுகாதாரத்தைப் பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் சிசு மரண விகிதம். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில், ஒரு வயது முடிவதற்குள் எத்தனை இறக்கின்றன என்பதே அது.

ஏன் பச்சைக் குழந்தையை வைத்து ஊரை அளக்கணும்? தாய்க்கு ரத்தசோகை இருந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். தண்ணீர் கெட்டால் பேதியில் துவண்டு போவது குழந்தைதான். ரோடு இல்லை, நர்ஸ் இல்லை, வண்டி வரலை என்றாலும் அதன் உயிருக்குத்தான் ஆபத்து. ஊரில் எது குறைந்தாலும் அது தாங்காது.

தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இந்த எண் 51. 2020-இல் 13. அது தானாகக் குறையவில்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம், தடுப்பூசி, கிராம சுகாதார செவிலியர், 108 வண்டி, பெண்களின் படிப்பு எல்லாம் சேர்ந்துதான் குறைத்தன. ஆனால் அதே 2020-இல் கேரளாவில் வெறும் 6. அப்படியென்றால் நாமும் இன்னும் குறைக்க முடியும்தானே?

ஒரு ஊரில், "இந்த வருஷம் குழந்தை இறப்பு உண்டா?" என்று கேட்டேன். "இல்லை"ன்னாங்க. கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா தனியாக வந்தார். "என் மருமகளுக்குப் பொறந்தது அழுதுச்சு மேடம். ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. பேரே வைக்கலையே, அதை எதுக்கு எழுதணும்னு விட்டுட்டோம்" என்றார். மருமகளை ராசியில்லாதவள் என்று ஊர் பேசுகிறதாம்.

சகோதரிகளே, ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தாலும் அது பிறப்புதான். பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிவு செய்யணும். எழுதினால்தான் "ஏன் இறந்தது?" என்ற கேள்வி வரும். எழுதாவிட்டால் பழி மருமகள் தலையில்தான் விழும்.

ஒவ்வொரு குழுவும் இன்றே தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. நம் தெருவில் கர்ப்பிணி யார் யார் என்று மாதாமாதம் கேட்போம்.
2. சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே.
3. குழந்தை பால் குடிக்கலை, உடம்பு சில்லிடுது, மூச்சு வாங்குது என்றால் விடியட்டும்னு காத்திருக்க மாட்டோம்.
4. அந்த அவசரக் கடனுக்குக் கூட்டம் கூடும்வரை காக்க வைக்க மாட்டோம்.