முழங்காலுக்கு வேலை கொடுப்போம்

(ஈசூனில் உறுப்பினர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





நாங்கள் மருத்துவர்கள் அல்லர். கடை வைத்துப் பிழைப்பவர்கள். கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கும் பெரியவர்கள் தைலமும் முழங்கால் உறையும் கேட்காத நாளில்லை. விற்பதில் எங்களுக்கு நட்டமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தைலம் இதம் தரும், தசையைத் தராது. முழங்காலைத் தாங்குவது தசைதான்.

நம் சங்கத்துக்கு 50 வயது ஆகிறது. அதைத் தோளில் சுமந்த தலைமுறைக்கு இன்று எழுபதும் எண்பதும். ஈசூனில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில் அரிசி மூட்டையோடு படியேறியவர்கள் அவர்கள். இன்று பள்ளிவாசலில் நாற்காலி தேடுகிறார்கள். முடியாதவர் நாற்காலியில் தொழ மார்க்கம் இடம் கொடுக்கிறது. அதில் குறை ஏதுமில்லை. ஆனால், பயிற்சி செய்தால் எழுந்து நிற்கக்கூடியவர்களும் அந்த நாற்காலியிலேயே தங்கிவிடுகிறார்களே, அதுதான் நம் கவலை.

முழங்கால் வலி நமக்கு மட்டும் வந்ததல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான். பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

'தேய்மானம்' என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்திவிடுகிறது. எங்களைப் போல் பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு உடனே பேரிங் ஞாபகம் வரும். ஓட ஓடத் தேயும், ஓட்டாமல் வைத்தால் நீடிக்கும் என்று நினைப்போம். முழங்கால் இரும்பு அல்ல, உயிருள்ள உறுப்பு. அதிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போதும் மடக்கி நீட்டும்போதும் அது பஞ்சு போல் அழுந்தி விரிகிறது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டு இறுகும். வேலையில்லாத தொடைத்தசை மெலியும். தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழும்; வலி கூடும்; வலிக்குப் பயந்து இன்னும் உட்காருவோம். இந்தச் சுழலை உடைப்பதற்குத்தான் பயிற்சி.

இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. "நீங்க உட்காருங்க உம்மா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்கிறோம். அன்பால்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு நாளில் இருபது முறை எழவேண்டியவரை இரண்டு முறை எழுபவராக்கிவிடுகிறோம். தண்ணீர்க் கோப்பையை அவரே போய் எடுக்கட்டும். நாம் பக்கத்தில் நிற்போம்.

இனி பயிற்சிக்கு வருவோம். ஐந்து வக்துக்கு ஐந்து பயிற்சி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஃபஜ்ருக்குப் பின்: கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். காலுக்குப் பத்து முறை.

லுஹருக்குப் பின்: அடுப்படி மேடையையோ கடை மேசையையோ பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பத்து முறை.

அஸருக்குப் பின்: உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுங்கள். முடியாதவர்கள் கைகளை ஊன்றி எழலாம். உயரத்துக்கு ஒரு மெத்தை போட்டுக்கொள்ளலாம். ஐந்தில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம்.

மஃக்ரிபுக்குப் பின்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை.

இஷாவுக்குப் பின்: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் உயர்த்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். வலி கொஞ்சம் இருக்கும். அதனால் மூட்டு கெட்டுப்போவதில்லை. பத்துக்கு நாலைந்துக்குள் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். அதைத் தாண்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய 'கிளாட்' என்ற திட்டத்தில் இத்தகையவர்களுக்கு விளக்க வகுப்போடு வாரம் இருமுறை, ஆறு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். பிறகு அது ஆஸ்திரேலியா, கனடா என்று பரவியது.

நடையும் வேண்டும். கூ டெக் புவாட் மருத்துவமனையை ஒட்டிய ஈசூன் குளக்கரை நடப்பதற்குச் சமமான இடம். மழை நாளில் புளோக்கின் கீழ்த்தளம் போதும். உடல் பருமனானவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அமெரிக்காவில் கண்டறிந்திருக்கிறார்கள். பிரியாணியை விடச் சொல்லவில்லை. இரண்டாம் தட்டை யோசிக்கச் சொல்கிறோம்.

முழங்கால் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ பயிற்சியை விட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். இருதய நோயோ, அண்மையில் அறுவைச் சிகிச்சையோ உள்ளவர்கள், தொடங்குமுன் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ கேட்டுக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

ஐவேளை ஃபர்ளில் மட்டும் 17 ரக்அத், 34 ஸஜ்தா. நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும் அந்த அசைவுகளை முடிந்த மட்டும் காப்பாற்றிக்கொள்வோம். எவ்வளவு முடியும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாள் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இன்று இஷாவுக்குப் பின் நன்னா, நன்னிக்குப் பக்கத்தில் நீங்களும் படுத்துக் காலை உயர்த்துங்கள். எண்ணிக்கையைப் பேரப்பிள்ளைகள் சொல்லட்டும். தனியாகச் செய்பவர் மூன்றாம் நாள் விட்டுவிடுவார். வீடே சேர்ந்து செய்தால் விடமாட்டார்.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு நீண்ட ஆயுளையும், அந்த ஆயுள் முழுதும் எழுந்து நடக்கும் ஆற்றலையும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.