கியூவை இறுக்கிப் பிடிக்காதீர்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"என்னப்பா பேசப் போறே?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். "ஸ்னூக்கர்" என்றேன். "அது பணக்காரங்க ஆட்டமாச்சே!" என்று சிரித்தார். நான் பணக்காரனும் இல்லை, சாம்பியனும் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1973-ல் கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போனவன். ஏழாயிரம் அடி உயரம். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் தனிக்கட்டைக்கு அங்கே போக்கிடம் கிடையாது. மேனேஜர் புண்ணியத்தில் ஒரு மனமகிழ் மன்றத்துக்குள் காலெடுத்து வைத்தேன். அங்கே பச்சைத் துணி விரித்து, 12 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு மேஜை. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இந்த ஆட்டம் நமக்கு அந்நியமும் இல்லை. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேஜையில் கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததுதான் ஆரம்பம் என்பார்கள். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்!) விதிமுறைகள் உருப்பெற்றது 1880-களில், நம் ஊட்டி கிளப்பில். ராணுவப் பயிற்சிக்குப் புதிதாக வந்த கற்றுக்குட்டியைக் கேலியாகக் கூப்பிடும் சொல்தான் 'ஸ்னூக்கர்'. அந்தக் கணக்கில் நானும் ஓர் அசல் ஸ்னூக்கர்தான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஓங்கி அடிப்பது. பந்து பாக்கெட்டின் பின்புறத்தில் 'டமார்' என்று மோதி விழும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஆடினேன். பத்தில் இரண்டு விழும். மீதி எட்டும் பாக்கெட் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிவிட்டு வெளியே வந்து நிற்கும். அங்கே மார்க்கராக இருந்த பெரியவர் ஸ்கோர் போர்டு பக்கத்தில் நின்றபடி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ராத்திரி கூட ஆட ஆளில்லை. வெள்ளைப் பந்து குஷனை ஒட்டிக் கிடந்தது. கியூவின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து ஒரு போடு போட்டேன். வெள்ளைப் பந்து தாவி எழுந்து, சிவப்பின் தலையில் மோதி, மேஜையைத் தாண்டிப் பறந்தது. ஜன்னல் கண்ணாடி சில்லுசில்லாகிவிட்டது. மார்க்கர் அப்போது டீ வாங்க வெளியே போயிருந்தார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் காதுக்கு வந்தது. கண்ணாடிக்கான காசை மார்க்கர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு அது பெரிய தொகை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மேலும் நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தெரியும் சார்" என்றார். "வெள்ளைப் பந்துல கண்ணாடித் தூள் ஒட்டியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி உங்களைத் தவிர யாரு இருந்தா?"

"அப்புறம் ஏண்ணே சொல்லலை?"

"நீங்க சொல்லணும்னு இருந்தேன்."

அதுவரை அவரை "மார்க்கர்" என்றே கூப்பிட்டவன் நான். அன்றுதான் முதல்முறையாக "அண்ணே" என்று வாயில் வந்தது. நிர்வாகத்திடம் போய் ஒப்புக்கொண்டு காசைக் கட்டினேன். அவர் பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மறுநாள் சாயங்காலம் அவராகவே கூப்பிட்டார்: "வாங்க சார், அடிக்கிறது எப்படின்னு பார்ப்போம்."

அவர் சொல்லிக்கொடுத்ததை மாணவர்களுக்காக இங்கே சொல்கிறேன். வேகமாக அடிப்பது தப்பில்லை. தூரத்துச் சிவப்பைப் போட்டுவிட்டு, வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுத்து அடுத்த கலருக்குக் கொண்டுவர வேகம் வேண்டும். பந்தின் நடுவுக்குக் கீழே அடித்தால் அது பின்பக்கமாகச் சுழலும். ஆனால் போகிற வழியெல்லாம் துணியில் உராய்ந்து அந்தச் சுழற்சி கரைந்துகொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடைக்கானல் மேஜைத் துணி ஈரம் குடித்திருக்கும்போது இன்னும் சீக்கிரம் கரையும். இதற்காகத்தான் பெரிய போட்டிகளில் மேஜையின் கல்லுக்கு அடியில் மின்சாரத்தால் சூடேற்றுகிறார்கள். எங்களுக்கு ஏது அந்த வசதி? அடியில்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் வேகம் கூடக்கூட மன்னிப்பு குறையும். பாக்கெட்டின் வாய் வளைவாக இருக்கும். மெதுவாக வரும் பந்து ஓரத்தில் உரசினாலும் உள்ளே விழுந்துவிடும். வேகமாக வருவது உரசினால் வெளியே துள்ளும். மெதுவாக அடிக்கும்போது இரண்டு பந்துகளும் தொடுகிற இடத்து உராய்வு, அடிபடும் பந்தைக் கொஞ்சம் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வேகத்தில் அந்த இழுப்பு குறைவு. அதனால் மெதுவான அடிக்குப் பழகிய அதே குறியில் ஓங்கி அடித்தால் கட்டிங் அதிகமாகிப் பந்து விலகும். சைடு வைத்தாலோ கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகும். மெதுவான அடியில் வளைந்து திரும்ப நேரமிருக்கும், வேகத்தில் இருக்காது. "அவசியமில்லாம சைடு வைக்காதீங்க சார், நடுவுலயே அடிங்க" என்பார்.

அப்படியானால் பலம் எங்கிருந்து வருகிறது? தோளிலிருந்து இல்லை. "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. விடவும் கூடாது, நசுக்கவும் கூடாது." பிடியை இறுக்கினால் முன்கை விறைக்கும், கியூ நேர்கோட்டை விட்டு விலகும். மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு சீராக வேகம் கூட்டி, பந்தைத் தாண்டியும் கியூவை நேராகப் போகவிட வேண்டும். அடித்து முடிக்கும் வரை தலை எழக்கூடாது. கியூ முடிந்தவரை மேஜைக்குக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கியிருந்தால் பந்து தாவும். என் ஜன்னல் கண்ணாடியே சாட்சி!

மூன்று மாதம் ஒரே பயிற்சி. வேறு பந்தே இல்லாமல், வெள்ளைப் பந்தை மட்டும் பிரவுன், நீலம், பிங்க், கருப்பு வைக்கும் புள்ளிகளின் மேலாக அனுப்பி, எதிர் குஷனில் பட்டு அதே கோட்டில் கியூ நுனிக்கே திரும்பி வரச் செய்வது. முதலில் மெதுவாக. பத்துத் தடவை நேராக வந்தால்தான் கொஞ்சம் வேகம் கூட்ட அனுமதி. கோணினால் மறுபடியும் பழைய வேகம். நான் அலுத்துக்கொள்வேன். அவர் அலுத்துக்கொண்டதே இல்லை.

1977-ல் மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேர்கோட்டில் ஒரு நீலம். ஓங்கித்தான் அடித்தேன். ஓரம் தொடாமல் விழுந்தது. வெள்ளை அப்படியே பின்னால் உருண்டு வந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கோர் போர்டில் ஐந்தை நகர்த்தினார். அதுதான் எனக்குக் கிடைத்த கோப்பை.

பணக்காரர் ஆட்டம் என்றாரே நம் செயலாளர்! இந்தியர் ஒருவர் தனிநபர் விளையாட்டில் முதன்முதலாக உலகப் பட்டம் வென்றது இந்த மேஜையில்தான்: 1958-ல் கல்கத்தாவில், பில்லியர்ட்ஸில், வில்சன் ஜோன்ஸ். 1984-ல் ஓ.பி. அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் கொண்டுவந்தார். 2025-ல் தோஹாவில் உலக மகளிர் பட்டத்தை வென்று வந்தவர் அனுபமா ராமச்சந்திரன், நம் சென்னைப் பெண். ஆகவே மாணவிகளும் தைரியமாகக் கியூவைத் தொடலாம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வயதில் பலம் தானாக வரும். ஓங்கி அடிக்கத்தான் தோன்றும். அடியுங்கள். ஆனால் நான் அடித்த அடிக்கு என் பையிலிருந்து காசு போகவில்லை. டீ வாங்கப் போன ஒரு மனுஷன் சம்பளத்திலிருந்து போனது. கியூவைத் தூக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் இன்னும் என் கண்முன்னால் வருகிறது. அதனால்தான் பிடி தானாகத் தளர்கிறது.