மண் சரிந்த செய்தியைச் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?
(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் நாளில் துக்கச் செய்தி பேசலாமா என்று சிலர் நினைப்பீர்கள். மழைக்காலம் வந்தால் பழைய படங்கள் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து எங்களைக் கேட்கிறார்கள். அதனால் பேசுகிறேன்.

2022 டிசம்பர் 16. விடியற்காலை மூன்று மணிகூட ஆகவில்லை. பத்தாங்காலி வட்டாரத்தில், கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரப் பண்ணை ஒன்றில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள் மேல் மண் சரிந்தது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள் அவர்கள். 31 பேர் மாண்டார்கள், 61 பேர் தப்பினார்கள். மாண்டவர்களில் குழந்தைகள் பலர், ஆசிரியர்களும் உண்டு. கடைசி உடல் கிடைத்தது டிசம்பர் 24-இல்.

"டீச்சர், நம்ம லயத்துக்குப் பின்னாலயும் மேடு இருக்கே, அதுவும் விழுமா?" என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"சும்மா இரு, சாப்பிடு" என்று அதட்டினால் கேள்வி அடங்கும், பயம் அடங்காது. பிள்ளை அதை ராத்திரிக்கு எடுத்துவைத்துக்கொள்ளும். முதலில், "நீ என்னம்மா கேள்விப்பட்டே?" என்று கேளுங்கள். சில சமயம் அதன் மனத்தில் இருப்பது நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். ஒரு பையன், மலை தானாக எழுந்து நடந்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான்!

செத்துப்போனவர்களைப் பற்றி, "தூங்கிட்டாங்க" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மரியாதைக்குச் சொல்கிறோம். ஆனால் இந்தச் செய்தியில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். அவர்கள் உண்மையிலேயே தூங்கும்போதுதான் மண் விழுந்தது. அப்புறம் பிள்ளை எப்படிக் கண்ணை மூடும்? "இறந்துட்டாங்க, இனிமே வரமாட்டாங்க, அவங்க வீட்டுல ரொம்ப அழுறாங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். சாமி தண்டித்தது, தலைவிதி என்றெல்லாம் பெரியவர்கள் நமக்குள் பேசிக்கொள்வது வேறு. ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், தான் பொய் சொன்ன அன்றைக்கு மேடு விழும் என்று அது நம்பிவிடும்.

காரணத்தையும் புரிகிற மாதிரிச் சொல்லலாம். சீனிக் குவியலில் மெல்லத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். தண்ணீர் உள்ளே இறங்க இறங்கச் சீனி கனத்து, பிடிப்பு விட்டுச் சரியும். மலை மண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக் கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டார்களே, அதுவும் நல்ல மழைக்காலம். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பிறகு, பொம்பாக்காரர்கள் மோப்ப நாய்களோடு சேற்றில் இறங்கி நாள் கணக்கில் தேடியதையும் சொல்லுங்கள். இதைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

"நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். நம்மால் காக்க முடியாத வாக்கு அது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: "எல்லா மேடும் விழாது. தரையில புது வெடிப்பு, சாய்ஞ்ச மரம், திடீர்னு சேறாய் வர்ற ஓடைத்தண்ணி, இதுல எதைப் பார்த்தாலும் கிட்டப் போகாதே. உடனே அம்மா அப்பாகிட்டச் சொல்லு." பெரியவர்கள் வீட்டைவிட்டு வெளியேறி 999-க்கு அழைக்க வேண்டும். அவள் மறுநாளே வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்து, மரமெல்லாம் நேராக நிற்கிறது என்று வந்து சொன்னாள்.

பின்மேட்டுக் கால்வாயைச் செம்பனை மட்டைகள் அடைத்துக்கொண்டிருப்பதையும் அவள்தான் சொன்னாள். போய்ப் பார்த்தேன்; உண்மைதான். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பாமார்கள் பத்துப் பேர் வந்தால் வாரிவிடலாம். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.