புரட்டாசிக்கு முன் வரட்டும்



2023 டிசம்பர் 17. அன்று மார்கழி முதல் நாள். தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் உளுந்தும் பாசியும் காய்பிடித்து நின்ற நேரம். அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. அதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பயிரைக் காப்பாற்றும் மண். ஆனால் அளவு மீறினால் அதே மண் தண்ணீரை வடியவிடாது. நாலு நாள் கழித்துக் காட்டுக்குள் இறங்கி ஒரு உளுந்தஞ்செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் அழுகியிருக்கும். நெற்றை உடைத்தால், உள்ளே உளுந்து வெள்ளையாக முளைவிட்டிருக்கும். வீட்டுக்கு வரவேண்டிய வெள்ளாமை காட்டிலேயே முளைத்துப் போவதைப் பார்க்கும் மனசு என்ன பாடுபடும்!

அந்த வெள்ளத்துக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிர்களுக்கு, பாசன நிலமென்றால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரி என்றால் 8,500 ரூபாய். ஏக்கர் கணக்கில் மானாவாரிக்கு ஏறத்தாழ 3,440 ரூபாய். உழவு, விதை, அடியுரம், களையெடுப்பு என்று செலவழித்தவருக்கு இது போன விளைச்சலின் விலை ஆகாது. பேரிடர் நிவாரண விதிகளிலும் இதற்கு இடுபொருள் மானியம் என்றுதான் பெயர். அடுத்த விதைப்புக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவே.

அதனால்தான் அது எப்போது கைக்கு வருகிறது என்பது பெரிய கேள்வி. இங்கே வாய்க்கால் பாசனம் கிடையாது. புரட்டாசியில் வானத்தை நம்பிக் காய்ந்த புழுதியில் விதைப்பவர்கள் நம் சம்சாரிகள். ஏக்கருக்கு எட்டு கிலோ உளுந்து விதையை அந்த வாரத்தில் வாங்கியாக வேண்டும். அப்போது கையில் இல்லாத பணம், ஐப்பசியில் வந்தால் வட்டிக்கடனைத்தான் அடைக்கும்.

இன்னொரு சிக்கல், பெயர். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும்போது பட்டாவையும் அடங்கலையும்தான் பார்ப்பார்கள். பட்டா மறைந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். நிலம் வாய்மொழிக் குத்தகையில் இருக்கும். வெயிலில் நின்று களையெடுத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சம்சாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, உங்கள் புல எண்ணில் எந்தப் பயிர் என்பதை அடங்கலில் ஏற்றிவிடுங்கள். பட்டா மாறுதலைத் தள்ளிப்போடாதீர்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வரை காத்திராதீர்கள். கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள்.

அரசிடம் கேட்பதும் கொஞ்சம்தான். கணக்கெடுத்த பட்டியலைப் புல எண்ணோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். விடுபட்டவர் அன்றைக்கே கேட்கட்டும். உழுகிறவரை ஊரறியும், ஊர்ச் சாட்சியை ஏற்று அவர் பெயரையும் எழுதுங்கள். தொகையை ஆவணி முடிவதற்குள் வங்கிக் கணக்கில் சேருங்கள்.

புரட்டாசிப் புழுதியில் விதை விழும் நாளில் சம்சாரி யாரிடமும் கைநீட்டி நிற்கக் கூடாது. அதற்குத்தானே இந்த நிவாரணம்.