கப்பற் பங்கை மதிப்பிடுவது எப்படி?

(சங்க மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். தந்தையார் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதி முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. "ஐயா, ஒரு கப்பற் கம்பனியின் பங்கு விலைப்படுகிறது. விலை உழைப்பு விகிதம் மூன்றுதான். இதைவிட மலிவு உண்டோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையே இன்றைய என் பேச்சு.

ஒரு பங்கின் சந்தை விலையை, அப்பங்கு ஓராண்டில் உழைத்த இலாபத்தால் வகுத்தால் வருவதே விலை உழைப்பு விகிதம். விலை 90 ரூபா, உழைப்பு 30 ரூபா என்றால் விகிதம் 3. இதே இலாபம் ஆண்டுதோறும் வருமாயின், மூன்றாண்டில் முதலுக்கு ஈடாகிவிடும். "வருமாயின்" என்ற அந்தச் சொல்லிலேதான் ஆபத்து இருக்கிறது.

நமது வெங்காயத் தோட்டங்களைப் பாருங்கள். ஓராண்டு விலை ஏறினால் எல்லாரும் வெங்காயமே நடுகிறார்கள். அடுத்த போகத்தில் விலை விழுகிறது. விலை ஏறிய ஆண்டின் வருமானத்தை வைத்துத் தோட்டக் காணிக்கு விலை பேசுவோர் உண்டா? கப்பற்றொழிலும் அத்தகையதே. கட்டணம் உயரும்போது எல்லாரும் புதுக் கப்பல் கட்டக் கொடுக்கிறார்கள். கட்டி முடிய இரண்டு மூன்று ஆண்டு செல்லும். அவை கடலில் இறங்கும் வேளையில் சரக்குக் குறைந்திருந்தால் கட்டணம் சரிந்துவிடும்.

கட்டணம் கப்பற்காரன் கையில் இல்லை என்பது நமக்குப் புதிதன்று. 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார்கள். எதிர்க் கம்பனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனியின் வருமானம் அடிபட்டது.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று. இஸ்ரேலைச் சேர்ந்த சிம் என்னும் கப்பற் கம்பனி 2018, 2019 ஆண்டுகளில் நட்டம் கண்டது. பின்னர் கொரோனாத் தொற்றுக் காலத்தில் துறைமுகங்கள் நெருக்கடிப்பட்டன. கொள்கலக் கட்டணம் பன்மடங்காயிற்று. 2021 இல் பங்கொன்றுக்கு 39 டொலர் உழைத்தது. 2022 மார்ச்சில் பங்கு விலை 90 டொலர் வரை சென்றது. விகிதம் இரண்டரைக்கும் குறைவு! ஆனால் 2023 இல் அக்கம்பனிக்கு ஏறக்குறைய 269 கோடி டொலர் நட்டம். அவ்வாண்டு நவம்பரில் பங்கு 10 டொலருக்கும் கீழே கிடந்தது. இடையில் பங்கிலாபம் தாராளமாகக் கிடைத்தது உண்மையே. எனினும் 90 கொடுத்து வாங்கியவரின் முதல் அப்போது பாதிகூட மீளவில்லை.

நட்ட ஆண்டிலோ விகிதமே கணக்கிட இயலாது. அப்படியிருக்க, 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகவே கட்டணம் மீண்டும் ஏறியது. 2024 இல் அதே கம்பனி 200 கோடி டொலருக்கு மேல் இலாபம் பெற்றது. ஆகவே இத்தொழிலில் விகிதம் மிகச் சிறிதாயிருப்பது பெரும்பாலும் உச்சத்தின் அறிகுறி. மலிவின் அறிகுறி என்று மயங்கலாகாது.

அப்படியானால் என்ன செய்வது? முதலாவது, நல்லாண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்துச் சராசரி பாருங்கள். நான்கு ஆண்டு உழைப்பு 30, 4, 12 ரூபா, ஓராண்டு 10 ரூபா நட்டம் என்றால் சராசரி 9. 90 ரூபாப் பங்கின் விகிதம் மூன்றன்று, பத்து. இரண்டாவது, கப்பல்களை இன்று விற்றால் என்ன வரும், கையில் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, பங்கொன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். கப்பலின் வயதையும் கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டில் அது பெரும்பாலும் பழைய இரும்பாகிவிடும். மூன்றாவது, உலகத்துக் கப்பற்றளங்களில் எத்தனை புதுக் கப்பல்கள் கட்டப்படுகின்றன என்று விசாரியுங்கள்.

அந்த இளைஞர் வீட்டுக்குச் சென்று கம்பனியின் பத்தாண்டு அறிக்கைகளைக் கணக்குப் பார்த்தார். மறுவாரம் வந்து, "ஐயா, பத்தில் ஆறாண்டு நட்டம்" என்றார். தந்தையின் பணம் இன்றும் வங்கியில் இருக்கிறது.

பங்கு வாங்குவது பாவமன்று. முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்ததை ஓராண்டுக் கணக்கை நம்பி இடுவதே பிழை.