வீட்டோடு இருந்து பார்ப்பவர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் நலன்புரி உபகுழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நலன்புரி உபகுழு பேசப்போகிறது என்றதும், கல்லூரிக்கு என்ன கட்டலாம் என்று கேட்கப்போகிறோம் எனப் பலரும் நினைத்திருப்பீர்கள். கட்டடம் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை. ஒரு கடிதம் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இந்த விழாவுக்காக மூன்று வருடங்களுக்கு முன்பே முகவரிகளைத் திரட்டத் தொடங்கினோம். ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று பல இடங்களிலிருந்தும் மகிழ்ச்சியான பதில்கள் வந்தன. வரமுடியாது என்று எழுதிய ஒருவர் இருந்ததோ யாழ்ப்பாணத்துக்குள்ளேயே. பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம். “வர ஆசைதான். அண்ணாவை விட்டிட்டு வர ஆளில்லை. குறை நினைக்க வேண்டாம்.” அவ்வளவுதான் கடிதம். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் அவர். வலைப்பந்தாட்ட அணியில் ஓடித் திரிந்தவர்.

போய்ப் பார்த்தோம். அண்ணாவுக்குப் பல்கலைக்கழக வயதில் மனநோய் தொடங்கியது. இப்போது அவர் 60 வயதைக் கடந்துவிட்டார். பெற்றோர் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்கள் மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் கிளினிக். மருந்து ஒழுங்காகப் போனால் அவர் அமைதியான மனிதர். கிணற்றடி வாழைகளுக்குத் தண்ணீர் விடுவார், பேப்பர் வாசிப்பார். ஆனால் தங்கையைக் காணாவிட்டால் சாப்பிடமாட்டார், குளிசையும் எடுக்கமாட்டார். “நல்லூர்த் தேர் பார்த்து 11 வருஷம்” என்றார் எங்கள் தோழி. முறைப்பாடாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

அன்று திரும்பி வரும்போது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இப்படி எத்தனை பேர் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்? தேடத் தொடங்கினோம். படுக்கையில் இருக்கும் தாயோடு ஒருவர். மறதிநோய் வந்த மாமியோடு ஒருவர். மனவளர்ச்சி குன்றிய, 40 வயதான மகனோடு ஒருவர். தான் போனபிறகு அவன் யாரோடு இருப்பான் என்ற ஒரே யோசனை அவருக்கு.

சகோதரிகளே, வீட்டைப் பகிர்ந்து வாழ்வது எமக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை இங்கே இருக்கும் பலர் மறக்கமாட்டீர்கள். வலிகாமம் முழுவதும் எழுந்து, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நடக்கமுடியாதவர்களைச் சைக்கிளில் வைத்து உருட்டினோம், கதிரையோடு தூக்கினோம். அவர்களை விட்டுப்போக மனமில்லாமல் தாமும் வீட்டிலேயே தங்கியவர்களும் உண்டு. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்குத் தங்கள் விறாந்தையையும் குசினியையும் தந்தார்கள். 2000 ஆம் ஆண்டில் அவர்களே இடம்பெயர்ந்தபோது வலிகாமத்து வீடுகள் அவர்களுக்குத் திறந்தன. இடம் கொடுக்கும் மனம் எமக்கு உண்டு. இடம் கொடுத்தவர் களைத்தபோது அவரை ஆற்றிவிடும் ஏற்பாடுதான் எம்மிடம் இல்லை.

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அங்கே நூற்றாண்டுகளாக மனநோயுள்ளவர்களைச் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்து வாழ்கின்றன. 1938 இல் அப்படி வாழ்ந்தவர்கள் 3,700 பேருக்கும் மேல். 2023 இல் யுனெஸ்கோ அந்த வழக்கத்தைப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அந்த ஊர்ச் சனங்களின் இரக்கத்தைப் பலரும் புகழ்கிறார்கள். நாங்கள் கவனித்தது வேறொன்று. குடும்பத்துக்குக் கொடுப்பனவு உண்டு. தாதி வீட்டுக்கு வருவார். நிலைமை மோசமானால் ஏற்றுக்கொள்ள வைத்தியசாலை பின்னால் நிற்கிறது. இரக்கத்தை மட்டும் நம்பி அந்த ஊர் இருக்கவில்லை.

லண்டன் சகோதரிகளுக்கு மற்றொரு கதை. மேரி வெப்ஸ்டர் என்ற பெண் 1954 இல் தன் வேலையை விட்டு, வயதான பெற்றோரைப் பார்க்க வீட்டுக்குப் போனார். மணமாகாத மகள், அதனால் அது அவருடைய வேலை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1963 இல் பத்திரிகைகளுக்குத் தன் நிலையை எழுதினார். அதே நிலையிலிருந்த பெண்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. 1965 இல் ஒரு சங்கம் உருவானது. பராமரிப்போருக்கான கொடுப்பனவு பிரித்தானியாவில் 1976 இல் வந்தது. அப்போதும் மணமான பெண்களுக்கு இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். அதையும் ஒரு பெண் நீதிமன்றம்வரை கொண்டுபோனபிறகே, 1986 இல் மாற்றினார்கள்.

“எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள்.” இந்த வசனத்தை யாழ்ப்பாணத்தில் நாம் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! ஐந்து பிள்ளைகளில் மணமாகாத ஒருத்தி தாய் தகப்பனைப் பார்ப்பாள். வீடோ சீதனமாகத் தங்கைக்கு எழுதப்பட்டிருக்கும். தாய் கண்மூடி 31 ஆம் நாள் முடிந்ததும் வீட்டை விற்கும் கதை தொடங்கும். 20 வருடம் பார்த்தவள் எங்கே போவாள்? முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடமையைப் பிள்ளைகளுக்குள் யார் சுமந்தார், யார் சுமக்கவில்லை என்ற கணக்கைக் குடும்பம்தான் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

இன்று பல வீடுகளில் பார்ப்பவர் சொந்தக்காரரும் அல்லர். பிள்ளைகள் வெளியில், பெரிய வீட்டில் அம்மா தனியே, துணைக்கு வன்னியிலிருந்து வந்த ஒரு பெண். சமைப்பது, குளிப்பாட்டுவது, இரவில் மூன்று தரம் எழும்புவது எல்லாம் அவர். தொலைபேசியில் பிள்ளைகள் “அம்மா சாப்பிட்டாவோ?” என்று கேட்பார்கள். “நீங்கள் நித்திரை கொண்டீங்களோ?” என்று கேட்பவர் குறைவு. சில வீடுகளில் அவருக்குச் சொல்லாமலே கமெராவும் பூட்டியிருக்கிறது.

இனி, நாங்கள் செய்துபார்த்ததைச் சொல்கிறோம். பிழைத்ததையும் சொல்கிறோம்.

முதல் வருடம், தேரன்று காலை எங்களில் இருவர் தோழி வீட்டுக்குப் போனோம். “நீர் போய்க் கும்பிட்டு வாரும், நாங்கள் பார்க்கிறோம்” என்று அவரை அனுப்பினோம். அண்ணா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடவில்லை, குளிசை எடுக்கவில்லை. தோழி தேர் இருப்பிடத்துக்கு வரமுன்பே அரக்கப்பரக்கத் திரும்பி வந்தார். குற்றம் எங்களுடையது. அவருடைய வீட்டுக்குள் முன்பின் தெரியாத இருவர் திடீரென்று வந்து அதிகாரம் செய்தால் அவர் என்ன செய்வார்?

அடுத்த வருடம் முழுவதும், மாதம் இரண்டு தரம் சும்மா போனோம். அவரோடு பேப்பர் வாசித்தோம், வாழையைப் பற்றிக் கதைத்தோம். தோழி ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். தேத்தண்ணி எந்தக் கோப்பையில், குளிசை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்தக் கதை எடுத்தால் கோபம் வரும், நோய் கூடப்போகிறது என்பதை முதலில் எது காட்டும், அப்போது யாருக்கு அழைப்பது. அந்தக் கொப்பிக்குள் 30 வருட அனுபவம் இருந்தது. அந்த ஆண்டுத் தேரன்று அண்ணா எங்கள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். தோழி பிற்பகல்தான் வந்தார். கச்சான் வாங்கி வந்திருந்தார்.

இப்போது 7 வீடுகளுக்கு இப்படிப் போகிறோம். எங்களில் இளையவருக்கு 58 வயது. ஆகவேதான் கேட்கிறோம்.

முதலாவது, உள்ளூரிலிருக்கும் இளைய பழைய மாணவிகள் மாதத்தில் ஓர் அரைநாள் தாருங்கள். தாதியாக இருக்கவேண்டியதில்லை. அந்த வீட்டுக்குப் பழகிய முகமாக இருந்தால் போதும்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கிளைகள் ஆண்டுதோறும் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கைப் பராமரிப்பவருக்கென்றே ஒதுக்குங்கள். அவருடைய கண் பரிசோதனைக்கு, நாரிநோவுக்கு, வெளியே போகும் நாளில் ஆட்டோக் காசுக்கு.

மூன்றாவது காசு சம்பந்தப்பட்டதல்ல. உங்கள் அம்மாவையோ அண்ணாவையோ யாராவது வீட்டோடு இருந்து பார்த்தால், இன்றிரவு அவரோடு கதையுங்கள். அவருக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு உண்டா? சம்பளமானால் திகதி தவறாமல் போகிறதா? அம்மாவுக்குப்பின் அவர் எங்கே இருப்பார்? கடைசிக் கேள்விக்கு விடை இருந்தால், சகோதரர்கள் எல்லோரும் அறிய நொத்தாரிசு முன்னால் எழுதி வையுங்கள். வாய்ச்சொல் செத்தவீட்டோடு போய்விடும்.

அந்தத் தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். எங்கே என்று காட்டினால் கோபிப்பார். அவர் வீட்டில் எங்கள் குழுவில் இருவர் இருக்கிறார்கள். 4 மணிக்கு அவர்களை மாற்ற நாங்கள் போகவேண்டும். அதனால் இசை நிகழ்ச்சிக்கு நிற்கமுடியாததற்கு மன்னியுங்கள். வாசலில் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். அரைநாள் தரக்கூடியவர்கள் பெயரையும், வசதியான கிழமையையும் எழுதிவிட்டுப் போங்கள்.