எழுத்துவழிச் சொல் தேடல்



ஆங்கிலம் பயில்வோரிடையே வழங்கிவரும் விளையாட்டு ஒன்று உண்டு. சில எழுத்துக்களைக் கொடுத்து, அவை இடம்பெறும் மிக நீண்ட சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்வது அது. குறுக்கெழுத்துப் புதிரும், எழுத்துக் கட்டைகளை அடுக்கும் ஸ்கிராபிள் ஆட்டமும் அதற்கு உறவுடையனவே. ஆங்கில அகராதிகளில் ஏறிய மிக நீண்ட சொல் 45 எழுத்துக்கள் கொண்டது. நுண்ணிய கல்தூளை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோயின் பெயர் அது. 1935ஆம் ஆண்டில் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றன் தலைவர் நீளத்திற்காகவே அதனைப் புனைந்தார்.

தமிழில் இந்த விளையாட்டு வேறு முகம் கொள்கிறது. சொல்லோடு சொல்லும் உருபும் ஒட்டி வளரும் மொழியில் நீளம் பெரிய வியப்பன்று. கும்மிடிப்பூண்டி என்னும் ஊர்ப்பெயரே எட்டு எழுத்து. 'கும்மிடிப்பூண்டியிலிருந்து' என்றால் பதின்மூன்று ஆகிவிடும். ஆகவே தமிழ்ப் புலவன் ஒரு சொல் எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டான். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாமெழுத்து ஒன்றினால் எதுகை. யாப்பின் இவ்விரு தேவைகளும் எழுத்துவழிச் சொல் தேடலைப் புலவனின் அன்றாடத் தொழிலாக்கின.

படிப்பவனுக்குச் சொல் கையில் இருக்கிறது. அவன் பொருளைத் தேடுகிறான். பாடுபவனுக்குப் பொருளும் ஓசையும் மனத்தில் இருக்கின்றன. அவன் சொல்லைத் தேடுகிறான். தமிழில் இருவருக்கும் நூல் இருந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில், பல பொருள் தரும் ஒரு சொல்லைக் கூறும் பதினோராம் தொகுதி, ககர எதுகை, ஙகர எதுகை என இரண்டாமெழுத்தின் வரிசையில் அமைந்தது. திண்ணைப் பள்ளி மாணவன் அதை மனப்பாடம் செய்தபோது, சொற்கள் எதுகைவாரியாகவே அவன் நெஞ்சில் அடுக்கப்பட்டன. சிதம்பரம் இரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594இல் முதலெழுத்து வரிசைக்கு வழிவகுத்தது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. அதன் நான்காம் பகுதியாகிய தொடையகராதி, எதுகைச் சொற்களை ஒன்றுதிரட்டித் தரும், பாடுவோர்க்கென்றே அமைந்த கருவி. பிற்காலத்துப் பேரகராதிகள் படிப்பவனையே எண்ணி அமைந்தன. நிகண்டு மனப்பாடமும் நின்றது. பாடுபவனின் வாயில் அவ்வாறு அடைபட்டது.

அந்த மனப்பயிற்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குப் பதினேழாம் நூற்றாண்டுச் சிவப்பிரகாசரின் வரலாறு சான்று. இலக்கணம் கற்க வெள்ளியம்பலத் தம்பிரானை நாடிச் சென்றபோது, 'கு' எனத் தொடங்கி, இடையே 'ஊருடையான்' என வந்து, 'கு' என்றே முடியும் வெண்பா ஒன்று பாடுமாறு அவர் பணித்தார் என்பதும், சிவப்பிரகாசர் உடனே பாடினார் என்பதும் வழிவழிச் செய்தி. பின்னர், ஆசிரியரை இகழ்ந்த திருச்செந்தூர்ப் புலவர் ஒருவரை வெல்லும்பொருட்டு அவர் பாடியது திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்பர்.

நிரோட்டகம் என்பது இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களும், ப, ம, வ என்னும் மெய்வரிசைகளும் விலக்கு. விலக்கின் கடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். 'உம்' என்னும் இடைச்சொல் இல்லை. 'ஓடு' என்னும் உருபு இல்லை. 'செய்து', 'வந்து' போன்ற எச்சங்கள் இல்லை. குற்றியலுகரத்தில் முடியும் எண்ணற்ற பெயர்கள் இல்லை. நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு'வும் இல்லை. 'கு'வைக் கொண்டு தேர்வு வைத்த ஆசிரியருக்காக, 'கு'வே வர இயலாத நூலை மாணவர் பாடியிருக்கிறார்! முருகனைப் பாடும் நூலில் முருகன், குமரன், வேலன், ஆறுமுகன் என்னும் பெயர்களுக்கெல்லாம் கதவு அடைப்பு. கந்தன், செந்தில், கார்த்திகேயன் ஆகியவற்றிற்கே எழுத்து இடம் தரும்.

இவ்வட்டாரத்தின் பெயர்களை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், மீஞ்சூர், பழவேற்காடு ஆகிய யாவும் விலக்கு. ஆரணியாற்றில் ஆறு விலக்கு. 'ஆரணி' மட்டும் நுழையும். பொன்னேரியிலோ பொன்னை வாயிலில் வைத்துவிட்டு ஏரி மட்டுமே உள்ளே போகலாம்.

இவை வெறும் சொற்சிலம்பம் என்று புதுக்கவிதை அன்பர் கூறுவர். அதில் நியாயம் உண்டு. காளமேகம் தகர வரிசை எழுத்துக்களை மட்டுமே கொண்டு பாடியதைக் கேட்டு வியப்பவர் பலர். பொருளுக்காக நினைவில் வைத்திருப்பவர் சிலரே. எழுத்துக்காக மட்டும் அழைக்கப்பட்ட சொல், பந்தியில் இடம் நிரப்ப அமர்த்தப்பட்டவரைப் போன்றது. ஆயினும் கட்டுப்பாடே குற்றமாகிவிடாது. துறவு அதிகாரத்தின் முதற்குறளாகிய 341ஆம் குறளில் இதழ் எங்கும் ஒட்டுவதில்லை. 'நோ' என்னும் ஓரிடத்தில் குவியமட்டும் செய்கிறது. ஆதலால் அது முழு நிரோட்டகம் அன்று. பற்றை நீங்குதலைச் சொல்லும் குறளில் இதழும் பற்றாமல் நிற்பது வள்ளுவர் கருதிச் செய்ததோ, தானே அமைந்ததோ, ஓசை பொருளுக்குத் துணைநிற்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1969இல் ஒரு முழு நாவலை, அம்மொழியில் மிகுதியாக வரும் 'இ' என்னும் எழுத்து ஒருமுறையும் வாராமல் எழுதினார். அவருடைய தந்தை 1940இல் போரில் இறந்தவர். தாய் 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். நாவலில் ஓர் எழுத்து இல்லாமற் போனதை, வாழ்வில் இல்லாமற் போனவர்களின் அடையாளமாகப் படிப்போர் உண்டு. விளையாட்டாகத் தொடங்கும் விதி இழப்பைச் சுமக்கவும் வல்லது என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இன்று சொல் தேடலைக் கணினி நொடியில் முடிக்கிறது. ஆயினும் அதன் எழுத்துக் கணக்கு வேறு. பொன்னேரி தமிழில் நான்கு எழுத்து; ஆங்கிலத்தில் ஏழு. யூனிக்கோடு முறையில் கொம்பும் காலும் புள்ளியும் தனிக் குறிகளாகப் பதிவாவதால் கணினிக்கு அது எட்டு. இரண்டாமெழுத்து எது என்று அதற்குத் தனியே கற்பித்தால்தான் எதுகை பிடிபடும். கற்பித்துவிட்டால் எந்தப் புலவரையும் விஞ்சிய பட்டியலை அது நீட்டும். ஆனால் அகராதியில் ஏறாத சொல்லை அது தராது.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றால், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று மீனவர் தமக்குள் வகுத்துக்கொண்ட முறை. பாடு, வீடு, ஓடு, காடு என எதுகை அடுக்கும் கவிஞருக்கு அந்தப் பொருளும் தெரிந்திருந்தால், பாட்டில் ஓர் ஊரின் பிழைப்பே வந்து நிற்கும். வயல்காரரின் மதகும் கலங்கலும் ஒரு பக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு வேலை முடித்துத் திரும்புபவரின் 'ஷிப்டு' மறுபக்கம். உப்பு, கப்பல், ஷிப்டு ஆகிய மூன்றும் பகர ஒற்றில் எதுகை கொள்பவை. கடலோரத்தின் பழைய வாழ்வும் புதிய வாழ்வும் ஓரடியில் சந்திக்க அந்த ஒற்றெழுத்துப் போதும்.

பத்தாண்டு நிறைவுசெய்யும் இலக்கிய வட்டத்திற்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. ஏரிக்கரை, வயல்வெளி, ஆலை வாயில் ஆகிய மூன்றிடத்துச் சொற்களையும் சொல்வோரிடமே கேட்டு, பொருளோடு எழுதி, வீரமாமுனிவர் காட்டிய வழியில் எதுகை வரிசையில் அடுக்கினால், பொன்னேரிக்கென ஒரு தொடையகராதி உருவாகும். உறுப்பினர் ஒருவர் மாதம் பத்துச் சொல் கொணர்ந்தாலே தொடங்கிவிடலாம். மதகு பார்த்த முதியவரும், பாட்டின் முறை அறிந்த மீனவரும் இருக்கும்போதே அது நிகழவேண்டும். அவர்களோடு போகும் சொல்லை எந்த எழுத்தைக் கொண்டு தேடினாலும் பின்னர்க் கண்டெடுக்க இயலாது.